சுல்தானின் வாயில் விரல் வைத்தவர்கள்

அன்பு மகளுக்கு,

பத்து விரலும் பழுதில்லாமல், சீனி மட்டும் கொஞ்சம் கூடின நிலையில், உன் வாப்பா எழுதுகிறேன். உனக்கு என் சலாம். உன் பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவில் உம்மா ஒளித்து வைத்திருக்கும் மாசிக் கருவாட்டுக்கு விமான நிலையத்தார் இரக்கம் காட்டட்டும். நீ அதை எடுத்து வெளியில் வைப்பதும் அவள் மறுபடி உள்ளே வைப்பதுமாக இதோடு நாலாம் தரம். நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய், கூப்பிட்டால் வந்துவிடுவாய். ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. நான் வாயைத் திறந்தால் நீ சிரிப்பாய். நீ சிரிக்காவிட்டால் நான் அழுதுவிடுவேன். இரண்டுக்கும் இப்போது நேரமில்லை, நாளைக் காலையில் வேன் வருகிறது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, ஊரே வாசிக்கட்டும். ஊரில் பாதிப் பேர் இதற்குச் சாட்சிகள், அதில் எட்டுப் பேர் குற்றவாளிகள்.

மற்ற ஊர் வாப்பாமாருக்கு மகளை வழியனுப்பிப் பழக்கம் இருக்கிறது. நமக்கு அது இல்லை. நம்முடைய கரையில் கலியாணம் முடித்துப் பெட்டியும் கையுமாக வீடு மாறுகிறவன் மாப்பிள்ளைதான். பொம்பிளைப் பிள்ளைக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் நாமும் ஒரு அறையைப் போட்டுக்கொண்டு, அவள் ஆணம் காய்ச்சும் மணத்தைப் பிடித்துக்கொண்டு மௌத்தாகும் வரை இருக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. அதை நம்பித்தான் நானும் சாய்ந்தமருதில் இந்த மாளிகையை எழுப்பினேன். தாஜ்மகாலைக் கட்டியவர் இதைப் பார்த்திருந்தால் மேசனை மாற்றியிருப்பார். இப்போது நீ மருமகனையும் கூட்டிக்கொண்டு மூன்று வருசத்துக்குக் கடல் கடந்து போகிறாய். ஒரு மிருகத்தின் வைரஸ் எப்படி இன்னொரு மிருகத்துக்கும், அங்கிருந்து மனிசனுக்கும் தாவுகிறது என்று படிக்கப் போகிறாயாம். போ. அங்கே இதைப் பற்றிப் படித்த பெரிய பெரிய பேராசிரியர்கள் இருப்பார்கள். ஆனால் இந்த அறிவுக்காகத் தன் சொந்தப் பெருவிரலையே கொடுத்த மனிசன் உன் வாப்பா. உன் முதல் பாடம் என் கையில்தான் நடந்தது. அதை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை, ஏனென்றால் அதில் முட்டாள் நான்.

உன் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஆறாம் நாள் நிகாஹ். பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது குர்பானுக்கு ஒரு கிடாய் வாங்கச் சவளக்கடைக் கிராமத்துக்குப் போனேன். நான் வாங்கியது ஆடு அல்ல, மகளே, அரசர். அது வரம்பில் நடந்து வந்தபோது வயல்காரர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். அதன் தாடியை மூன்று ஆம்பிளைகளுக்குப் பங்கு வைக்கலாம். சுல்தான் என்று பெயர் வைத்தேன். உதட்டோரத்தில் மட்டும் காய்ந்த புண்ணைப் போல ஏதோ பொருக்கு இருந்தது. கேட்டதற்கு ஆட்டுக்காரன், "முள்ளுக் கீறினது ஹாஜியார்" என்றான். நான் ஹஜ்ஜுக்குப் போனவன் இல்லை. கல்முனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அவன் என்னை ஹாஜியார் என்று கூப்பிட்டதும் அந்தப் பொருக்கு என் கண்ணுக்கு மறைந்துபோனது. இது என் முதல் பிழை. எழுதி வைத்துக்கொள்: எந்த நோயும் வாசலால் வரமுன் யாரோ ஒருவரின் தலைக்கனத்தால் வந்துவிடுகிறது.

சுல்தானை முற்றத்து மாமரத்தில் கட்டியதும் முதலில் வந்தது உன் சாச்சாதான். என் உடன்பிறந்த தம்பி, நான் அவனுக்குக் காக்கா. ஒரு மனிசனின் சந்தோசம் எந்த இடத்தில் மெல்லிசாக இருக்கிறது என்று பார்த்து அங்கே ஊசி ஏற்றுவதில் அவனுக்கு நிகர் கொழும்பிலும் இல்லை. முன்வாசல் கேற்றுக்கு வெளியிலேயே நின்று கச்சான் கடலையை உரித்தபடி, "நல்ல கிடாய்தான் காக்கா. பல்லுதான் பால் பல்லு மாதிரி இரிக்கு" என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

குர்பானுக்கு வயது வராத கிடாயைக் கொடுக்க ஏலாது. பால் பல் விழுந்து, முன்னால் ரெண்டு பெரிய பல் வந்திருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தால் போதும். ஆனால் நம்மூரில் யாருக்கும் கண் போதாது. உதட்டைப் பிரித்து, பெருவிரலை உள்ளே விட்டு, பல்லைத் தடவி, "ஓம், ரெண்டு" என்று சொன்னால்தான் அது பல். நான் தடவினேன். ரெண்டு. ஆனாலும் சாச்சா சொன்னது நெஞ்சில் முள்ளாக இருந்தது. அதனால் சாட்சி சேர்த்தேன். தெருவால் போன ஒருவரையும் விடவில்லை. எதிர் வீட்டு மேசன் தடவினார். தோணிக்கார அண்ணன் தம்பி இருவரும் தடவினார்கள். நெல் மில்காரர், முடி வெட்டுகிறவர், கடைசியில் மார்க்கத் தீர்ப்பாகப் பள்ளிவாசலில் ஓதும் லெவ்வையும் தடவி, "அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு" என்றார். என்னோடு ஏழு பேர். ஏழு பெருவிரல், ஒரு வாய். சுல்தான் பொறுமையாக நின்றான். நாட்டில் எந்த எம்பியும் தன் தொகுதி மக்களுக்கு இவ்வளவு நேரம் வாயைத் திறந்து காட்டியதில்லை.

அன்று பின்னேரம் நீ வேலையால் வந்து, பையைக்கூட வைக்காமல், அதன் உதட்டைத் தூர நின்று பார்த்தாய். "வாப்பா, அந்த வாய்க்குள்ள கைய வைக்காதீங்க. அது முள்ளுக் கீறல் இல்ல" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இருந்தும் மறந்தவள் போல இத்தனை காலமும் நடந்துகொண்டாயே, அதற்கே உனக்குச் சொர்க்கம் கிடைக்க வேண்டும். "நீ மாட்டு டொக்டர் புள்ள, இது ஆடு" என்றேன்.

ஐந்தாம் நாள் பெருவிரலில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. எட்டாம் நாள் அது புள்ளியில்லை, பிரதேச செயலகம். வீங்கி, நடுவில் வெளுத்து, சுற்றிச் சிவந்து, கல்முனைக் கடற்கரையில் கொண்டுபோய் நட்டிருந்தால் தோணிகள் அதைப் பார்த்தே கரை பிடித்திருக்கும். உன்னிடம் காட்ட வெட்கம். சுத்தமான பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, "கேற்றில நசுங்கிட்டு" என்றேன். தெருவில் இறங்கினால் மேசனும் துணி சுற்றியிருந்தார், சுத்தியல் பட்டதாம். தோணிக்கார அண்ணனுக்கு நங்கூரம், தம்பிக்கு மீன் முள். மில்காரருக்கு மில். முடி வெட்டுகிறவர் கடையையே பூட்டிவிட்டார். அந்தக் கிழமை கேற்றும் சுத்தியலும் நங்கூரமும் கூட்டுச் சேர்ந்து எங்கள் தெருப் பெருவிரல்கள் மீது படையெடுத்தன. ஆடு என்ற சொல்லை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொன்னால் என் சுல்தான் நோயாளி என்றாகும். அவர்கள் சொன்னால் என் மனம் நோகும். மரியாதையான ஊர் நம் ஊர். மரியாதையாலேயே ஒரு நாள் அழிந்துபோகும்.

காலைச் சாப்பாட்டில் நீ என் எதிரே இருந்தாய். நான் இடக்கையால் தண்ணீர்க் கோப்பையை எடுக்கப் போனதும் உம்மா, "இடக்கையால குடிக்கிறீங்களா?" என்று அலற, என் வலக்கை தானாக மேலே வந்துவிட்டது. நீ துணியை அவிழ்த்துப் பார்த்தாய்.

"கேற்றுக்கும் வைரஸ் வருமா வாப்பா?"

"என்னது?"

"இது ஆட்டுக்கு வாற வாய்ப்புண். ஓர்ஃப் எண்டு செல்லுற. புண் இரிக்கிற வாயத் தொட்டா, கையில சின்னக் கீறல் இருந்தாப் போதும், உள்ள போயிரும்."

இவ்வளவு பெரிய அட்டூழியத்துக்கு இவ்வளவு சின்னப் பெயரா என்று எனக்குக் கவலையாக இருந்தது. தகரம் வெட்டுகிற கை என் கை. அதில் கீறல் இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். நீ அன்றே தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாய். சீமெந்து தின்ற கை, வலை அறுத்த கை, கத்தி பட்ட கை எல்லாவற்றிலும் புண். லெவ்வையின் கையில் மட்டும் இல்லை. அவர் அதைத் தன் ஓதலின் பரக்கத் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். நீ மெதுவாக, "லெவ்வைக்கு நல்ல மெதுவான கை வாப்பா, வேற ஒண்டுமில்ல" என்றாய்.

அன்று நீ எனக்குச் சொன்ன பாடத்தை நான் பஸாரில் நூறு தரம் என் சொந்தச் சரக்காக விற்றிருக்கிறேன். வைரசுக்குக் காலும் இல்லை, மூளையும் இல்லை. அது உயிருள்ள ஒரு கலத்துக்குள், உடம்பின் ஒரு செல்லுக்குள், நுழைந்து, அந்தக் கலத்தைக் கொண்டே தன்னைப் படியெடுப்பிக்கும். அதன் கையில் ஒரு திறப்புச் சாவி உண்டு. ஆட்டு வீட்டுப் பூட்டுக்கு வெட்டிய திறப்பு, மனிசன் வீட்டுப் பூட்டில் அநேகமாகத் திரும்பாது. ஆனால் கோடிக்கணக்கில் படியெடுக்கும்போது பிழை விழும். பெரும்பாலான பிழை குப்பைக்குப் போகும், எப்போதாவது ஒன்று அடுத்த வீட்டுப் பூட்டில் பொருந்திவிடும். நான் உடனே, "அப்ப என்ட விரலுக்கு வந்தது பிழை விழுந்த படியா?" என்று கேட்டேன். "இல்ல வாப்பா. இது நிதானமாப் பாத்துப் படியெடுக்கிற சாதி, லேசில மாறாது. இதுக்கிட்ட இரிக்கிற திறப்பே மனிசத் தோலுக்கும் கொஞ்சம் திரும்பும். அவசரமாப் படியெடுத்து அடிக்கடி மாறுறது சளிக்காய்ச்சல் மாதிரியானதுகள். பயப்பட வேண்டியது அதுகளுக்கு" என்றாய்.

வீட்டுக்குள் வருவது வேறு, குடியிருப்பது வேறு, அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போவது வேறு என்றும் சொன்னாய். ஆட்டுப் புண் மனிசனுக்குள் வரும், கொஞ்சக் காலம் ஒரு விரலில் குந்தும், அங்கிருந்து அடுத்த மனிசனுக்குப் போக அதற்கு அநேகமாக வழி தெரியாது. முட்டுச்சந்து. நான் பெருமையோடு, "பாத்தியா, புத்தியுள்ள விருந்தாளி இரிக்கிற வீட்டக் கொளுத்த மாட்டான். எல்லா வைரசும் போகப் போகச் சாதுவாயிரும்" என்று தத்துவம் பேசினேன். நீ விடவில்லை. "அப்படிச் சட்டம் ஒண்டும் இல்ல வாப்பா. வீடு எரியமுன்ன அடுத்த வீட்டுக்குப் பாய வழியிருந்தா அதுக்குப் போதும். வௌவாலுக்க சும்மா இரிக்கிறது மனிசனுக்க வந்து கொல்லும். நாங்களும் திருப்பிக் குடுக்கிறம், கொரோனாவ மனிசன் பூனைக்குக் குடுத்தான்." நான் எழும்பி முற்றத்துக்குப் போனேன். பயத்தால் என்று நீ நினைத்தாய். இல்லை, பெருமையால். பயம் அடுத்த நாள் வந்தது.

அடுத்த நாள், தறிச் சத்தம் ஓயாத மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா உன் உம்மாவுக்குப் போன் பண்ணினாள். நம் வீட்டுப் பக்கம் ஏதோ புதுக் கொரோனா வந்திருக்கிறதாம். தெருவையே மூடப் போகிறார்களாம். ஒரு மேசனின் கை உதிர்ந்து விழுந்துவிட்டதாம். மேசன் அன்று காலையிலும் என் கடையில் ஆணி வாங்கிப் போனார், கையோடு. வைரஸ் நிதானமாகப் படியெடுத்தது, ஊர்தான் அவசரமாகப் படியெடுத்திருந்தது. கலியாணத்தை ரெண்டு மாசம் தள்ளுவோம் என்றாள். நம்மூரில் தள்ளின கலியாணம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு மாசத்தில் ஊர் உனக்கு ஒரு குறை கண்டுபிடித்து, அதை அக்கரைப்பற்று பஸ் சந்தி வரை கொண்டுபோய் இறக்கியிருக்கும். உன் உம்மா போனைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் புண் எவ்வளவோ மேல். கடைசியாக மாப்பிள்ளையின் உம்மா, தன் புருசனைப் பற்றி, "இவருக்கும் நேரம் சரியில்ல. நெசவில பெருவிரல் நசுங்கிப் பொங்கியிரிக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

உம்மா அதை அழுதழுது ஒப்புவித்தாள். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். "பெருவிரல்" என்றதும் உன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கலியாணம் நிற்கப் போகிற பிள்ளை சிரிக்கிறாளே, மூளைக்கும் ஏறிவிட்டதோ என்று நான் பதறினேன்.

"வாப்பா," என்றாய், "எட்டாவது ஆள் அம்பிட்டுட்டார்."

எனக்கு விளங்கவில்லை. சம்பந்தி சுல்தானைத் தொடவே இல்லை. கலியாணக் காரியம் கதைக்க வந்திருந்த அன்று, "பல்லப் பாருங்க சம்பந்தி" என்று நானே இழுத்தேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "உங்கட கிடாயில எனக்குச் சந்தேகமா? பாத்தாப் பாவம்" என்றார். நான் உருகிப்போய் பிளேன்டீ சொல்லக் குசினிக்கு ஓடினேன். ஓடினேனா? அந்த ஓட்டத்துக்குள் என்ன நடந்தது என்று சுல்தானுக்கு மட்டும்தான் தெரியும்.

நீ சொன்னபடி சம்பந்தியை அவசரமாக வரச் சொன்னேன். வந்தார். வலக்கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்திருந்தார். நானும் என் கையைச் சாரன் மடிப்புக்குள் ஒளித்திருந்தேன். ரெண்டு பெரிய மனிசர், சலாம் சொல்லக் கை நீட்டாமல், உப்புச்சந்தியில் மோதவிருந்த ரெண்டு லொறிகளைப் போல நின்றோம்.

"கையில என்ன சம்பந்தி?"

"தறியில நசுங்கிட்டு. உங்களுக்கு?"

"கேற்றில."

"கவனமா இருங்க. கேற்று பொல்லாதது."

"தறி அதவிடப் பொல்லாதது."

அப்போதுதான் நீ பிளேன்டீத் தட்டோடு வந்தாய். குனிந்த தலை நிமிராமல், கலியாணப் பொண்ணுக்குரிய அடக்கத்தோடு, கோப்பையை அவர் முன்னால் வைத்தபடி, "மாமா, எங்கட சுல்தானுக்கு எத்தின பல்லு?" என்று கேட்டாய்.

"ரெண்டுதானே மகள், நல்லா முளைச்ச..." என்று தொடங்கியவர் நின்றார். கோப்பையை எடுக்கப் போன இடக்கை அந்தரத்தில் நின்றது. முற்றத்திலிருந்து சுல்தான் கத்தினான், சத்தியம் பண்ணுகிறவனைப் போல. நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு அவர் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் பைக்குள் இருந்த கை தானாக வெளியே வந்தது. அதே புள்ளி, அதே வீக்கம், என்னுடையதைவிடச் சின்னன்.

"சந்தேகம் இல்ல சம்பந்தி," என்றார், "ஒரு மனத் திருப்திக்கு."

அவர் போய்த் தன் மனிசியிடம் உண்மையைச் சொன்னார். அங்கே அவருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கலியாணம் தள்ளிப் போகவில்லை. சுல்தானின் உதடும் பெருநாளைக்கு முன்னமே ஆறி, நீயும் பார்த்து லெவ்வையும் பார்த்து, தூர நின்றே பார்த்து, சரி சொன்ன பிறகுதான் குர்பான் நடந்தது.

ஆனால் என் விரல் ஆறவில்லை. இப்போதுதான், மகளே, நான் உனக்குச் சொல்லாததற்கு வருகிறேன். நிகாஹில் மகளைப் பெற்றவன் மாப்பிள்ளையின் வலக்கையைப் பிடித்து, பெருவிரலோடு பெருவிரல் சேர்த்து, "என் மகளை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன்" என்று சொல்ல வேண்டும். நீ பிறந்த அன்றிலிருந்து நான் அந்த வசனத்தைப் பழகி வந்தவன். கடையில் தராசுக்கு முன்னால், பைக்கில் தனியாகப் போகையில், குளிக்கையில். எந்த இடத்தில் குரல் தாழ வேண்டும், எந்த இடத்தில் கையை இறுக்க வேண்டும் என்றெல்லாம் கணக்கு இருந்தது. நீ வந்து, "வாப்பா, ஆளுக்கு ஆள் போறது ரொம்பக் குறைவு. ஆனா உங்கட புண் இன்னும் ஈரம், அவர்ட கையெல்லாம் தறியில வெட்டுப்பட்ட கை. நீங்களே யோசிங்க" என்று மட்டும் சொன்னாய். செய்யாதே என்று நீ சொல்லவில்லை. ஒரு ராத்தல் துணியைச் சுற்றிக்கொண்டு பிடிப்போமா, இடக்கையைக் கொடுப்போமா, யாருக்குத் தெரியும் என்றெல்லாம் ரெண்டு நாள் யோசித்தேன். அந்தப் பொடியனின் கையை நினைத்தேன். தன் வீட்டை விட்டு, உம்மாவை விட்டு, பெட்டியும் கையுமாக என் வீட்டுக்கு வரப்போகிறவன். அவனுக்கு என் முதல் அன்பளிப்பு ஆட்டுப் புண்ணாக இருக்கக் கூடாது. பொறுப்பை உன் சாச்சாவிடம் கொடுத்தேன்.

யாரிடம்! பால் பல்லு என்று பற்றவைத்துவிட்டு, தூர நின்று கச்சான் தின்ற அதே சாச்சாவிடம். ஊரிலேயே சுத்தமான பெருவிரல் அவனுடையதுதான், அவன் எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. அவன் உன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து என் வசனத்தைச் சொன்னான். குரல் தாழ வேண்டிய இடத்தில் தாழவில்லை. இறுக்க வேண்டிய இடத்தில் இருமினான். நான் பக்கத்தில் துணி சுற்றிய விரலோடு இருந்தேன், எனக்குப் பக்கத்தில் சம்பந்தி துணி சுற்றிய விரலோடு. கலியாண ஆல்பத்தில் ரெண்டு வெள்ளைப் பெருவிரல் வரிசையாகத் தெரியும். பார்க்கிறவர்கள் ஏதோ குடும்ப வழக்கம் என்று நினைக்கிறார்கள். நீ அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாய். நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்று மண்டபத்தின் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றது, நீ நினைத்தது போல புரியாணிச் சட்டியைப் பார்க்க அல்ல.

இனிப் புத்திமதி. வாப்பா கடிதத்தில் அது இல்லாவிட்டால் தபால்காரன்கூட மதிக்க மாட்டான். நீ போகிற இடத்தில் ஊர் ஊராகப் போய், எந்த மிருகத்தை யார் தொட்டார்கள் என்று மனிசரிடம் கேட்க வேண்டி வருமாம். அவர்களும் கேற்று என்பார்கள், தறி என்பார்கள். எந்தப் பாசை பேசினாலும் புண்ணை ஒளிக்கிற கை ஒரே கைதான். புண்ணைப் பற்றி முதலில் கேட்காதே. பல்லைப் பற்றிக் கேள். வெட்கப்படாமல் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கொடுத்தால் மனிசன் உண்மையைச் சொல்லிவிடுவான். அன்று நீ என்னையோ அவரையோ ஒரு சொல்லால் தாழ்த்தவில்லை. ரெண்டு கிழடுகளையும் ஒரு பிளேன்டீயால் காப்பாற்றினாய். அந்தக் குணத்தை மாசியோடு பெட்டியில் வை. அதை வெளியே எடுக்காதே.

என் விரல் பிறகு தழும்புகூட இல்லாமல் ஆறிவிட்டது. நாளைக்கு வேன் வந்ததும் ஒரே சத்தமாக இருக்கும். உம்மா அழுவாள், சாச்சா கச்சானோடு வந்து ஏதாவது சொல்வான், பெட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்குவார்கள். நீ ஒரு வேலை மட்டும் செய். மருமகனின் வலக்கையில் எந்தப் பெட்டியையும் கொடுக்காதே. கேற்றடியில் அந்தக் கையை ஒரு நிமிசம் எனக்குச் சும்மா விட்டுக் கொடு. வசனம் இன்னும் எனக்கு மனப்பாடம்.

உன் வாப்பா